மொட்டைமாடி ஜாமிங்: தம்புரா ஓடுமா, கார்டு நகருமா?

ஆறாம் தந்தி — பிப்ரவரி 6, இரவு 10.12
கர்நாடக வயலின், மிருதங்கம், கடம், கிதார், பேஸ், கீபோர்டு, ட்ரம்ஸ். ஏழு பேர், ஒரு மொட்டைமாடி. மேடை கிடையாது, டிக்கெட் கிடையாது. முதல் ஐந்து நிமிடம் அருமையாகப் போகும். அதற்கப்புறம் ஏழு பேரும் ஒரே நேரத்தில் வாசித்து மீன் மார்க்கெட் ஆகிவிடும். யார் சமத்தில், அதாவது தாளச் சுற்றின் முதல் எண்ணிக்கையில், இருக்கிறார்கள் என்றே தெரியாது. "எல்லாம் முன்னாடியே பேசி வைக்கணும்" என்கிறார் வயலின். பேசி வைத்துவிட்டு வாசித்தால் அது இம்ப்ரவைசேஷனா (அந்தந்த நொடியில் கற்பனையாக வாசிப்பது)? கேட்டுச் சொல்லுங்கள்.

கார்வை — பிப்ரவரி 6, இரவு 11.05
பேசி வைக்காமல் யாரும் வாசிப்பதில்லை. கர்நாடகக் கச்சேரியில் பாடகரும் வயலினும் மிருதங்கமும் ஒத்திகையே இல்லாமல் மேடையில் உட்கார முடிகிறதென்றால், சுருதி, ராகம், தாளம், யார் முன்னால் போவது, யார் பின்தொடர்வது எல்லாம் குருகுலத்திலேயே பேசி முடிந்த விஷயம். ஜாஸ் ஜாமும் அப்படித்தான். பாட்டின் பெயரையும் சுருதியையும் சொன்னால் போதும். மெட்டு முதலில் ஒரு தடவை, பிறகு ஆளுக்கு ஒரு சுற்று, கடைசியில் மறுபடி மெட்டு என்பது எல்லோருக்கும் தெரியும்.

இரண்டு வீட்டு ஆட்களும் ஒரே மாடிக்கு வரும்போது அந்த உடன்பாடு இல்லாமல் போகிறது. அதனால் வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். மூன்று விஷயம் போதும்: சட்ஜம் (ஆதார ஸ்வரமான ச) எது, எண்ணிக்கையை யார் பிடிக்கிறார்கள், தம்புரா ஓடப்போகிறதா கார்டு (பல ஸ்வரம் சேர்ந்து ஒலிப்பது) நகரப்போகிறதா. முதல் இரண்டையும் எல்லோரும் கேட்கிறார்கள். மூன்றாவதை யாரும் கேட்பதில்லை, பாதிச் சண்டை அங்கேதான்.

கார்வை — பிப்ரவரி 7, காலை 7.30
மூன்றாவதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

தம்புரா ஓடினால் எல்லா ஸ்வரத்துக்கும் ஒரே தாய்வீடு. வயலின் காந்தாரத்தை (க) அசைத்தால் அந்த அசைவு சட்ஜத்தை வைத்துத்தான் காதில் விழும். கார்டு நகர ஆரம்பித்தால் நான்கு எண்ணிக்கைக்கு ஒரு தரம் வீடு மாறுகிறது. அதே காந்தாரம் ஒரு கார்டில் மூன்றாவது ஸ்வரம், அடுத்த கார்டில் ஏழாவது. ஜாஸ்காரருக்கு அதுதான் ருசி. வயலினுக்குக் காலடி நகர்கிற மாதிரி இருக்கும்.

இரண்டும் ஒரே சமயத்தில் முழு வேகத்தில் நடக்காது. ஒரு உருப்படி தொடங்கும்போதே முடிவு செய்யுங்கள். தம்புரா என்றால் கீபோர்டு ஒரே கார்டில் நிற்க வேண்டும். அதிலும் மூன்றாவது ஸ்வரத்தை எடுத்துவிட்டு ச-ப மட்டும். டி சுருதியில், அதாவது டி-யே சட்ஜம் என்றால், டி, ஏ. கீபோர்டு மூன்றாவதான எஃப் ஷார்ப்பை அழுத்திப் பிடித்திருக்க, வயலின் சங்கராபரணக் காந்தாரத்தில் சின்னதாக ஒரு வளைவு போட்டாலும் அபஸ்வரம் மாதிரிதான் கேட்கும். அசைவே உயிரான தோடி ராகம் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

கார்டு நகர்கிற உருப்படி என்றால் தம்புராச் செயலியை நிறுத்துங்கள். வயலினும் கமகத்தை, அதாவது ஸ்வர அசைவை, குறைத்து, நேர் ஸ்வரங்களாகக் கார்டோடு போக வேண்டும். இதில் ஒருவருக்கும் கௌரவக் குறைச்சல் இல்லை.

இடதுகை — பிப்ரவரி 7, காலை 9.15
கீபோர்டு ஆள் நான். "மூன்றாவதை எடுத்துவிடு" என்றால் அப்புறம் எனக்கு என்ன வேலை? விசிறவா?

கார்வை — பிப்ரவரி 7, மதியம் 1.20
வேலை நிறைய இருக்கிறது. மோகனத்தை டி சுருதியில் எடுத்தால் ஸ்வரங்கள் டி, இ, எஃப் ஷார்ப், ஏ, பி. இதற்குள்ளேயே டி மேஜர், பி மைனர், இ சஸ்4 (இ-ஏ-பி), ஏ சஸ்2 (ஏ-பி-இ) நான்கும் கிடைக்கின்றன. சஸ் கார்டுகளில் மூன்றாவது இல்லாததால் கமகத்தோடு மோதாது.

ராகத்தில் இல்லாத ஸ்வரம் கார்டில் வரலாமா என்பது பழைய சண்டை. என் கணக்கு: அடியில், அதாவது பேஸ் பக்கம் வரலாம், மேல் குரலில் வரக் கூடாது. மோகனத்துக்கு அடியில் ஜி, அதாவது மத்தியமம் விழுந்தால் நிறம் மாறும், ராகம் உடையாது. அதே ஜி மேலே கேட்டால் வயலின் அதைத் தனக்கான பதிலாக எடுத்துக்கொள்ளும், அதோடு மோகனம் காலி.

ஒரு எச்சரிக்கை. டிரான்ஸ்போஸ் பொத்தான். நீங்கள் இரண்டு அரைச்சுரம் ஏற்றிவிட்டு சி-யில் வாசிப்பீர்கள், காதில் டி கேட்கும். பேஸ்காரர் உங்கள் கையைப் பார்த்து சி-யைப் பிடிப்பார். கூட்டு வாசிப்பில் டிரான்ஸ்போஸைத் தொடாதீர்கள், அல்லது உரக்கச் சொல்லிவிட்டுத் தொடுங்கள்.

ஆறாம் தந்தி — பிப்ரவரி 7, இரவு 8.44
சட்ஜத்தை யார் முடிவு பண்றது? கிதாருக்கு இ, மிருதங்கம் வேறு ஏதோ கட்டையில் வருகிறது, கடம் தனி உலகம்.

தொப்பி — பிப்ரவரி 7, இரவு 9.30
மாற்ற முடியாதவர்தான் முடிவு செய்வார். கடத்துக்குச் சுருதி சூளையிலேயே முடிந்துவிடுகிறது. மண் பூசிக் கொஞ்சம் இறக்கலாம், அவ்வளவுதான். மோர்சிங் (வாயில் வைத்து மீட்டும் வாத்தியம்) நாக்கில் மெழுகு வைத்தால் இறங்கும், ஏறாது. அதனால் கடம் இருந்தால் முதலில் கடத்தைத் தட்டிக் கேளுங்கள். அடுத்தது மிருதங்கம். கல்லும் மரக்கட்டையும் எடுத்து வட்டத்தைத் தட்டினால் அரைக் கட்டை, மிஞ்சினால் ஒரு கட்டை. அதற்கு மேல் போனால் நாதம் செத்துவிடும், தோலுக்கும் ஆபத்து. கிதார், வயலின், பேஸ் மூன்றும் பின்னால் வரட்டும்.

கட்டைக் கணக்கு தெரியாதவர்களுக்கு: ஒரு கட்டை சி, இரண்டு டி, மூன்று இ, நான்கு எஃப், ஐந்து ஜி, ஆறு ஏ, ஏழு பி. அரை சேர்ந்தால் கறுப்புக் கட்டை: ஒன்றரை சி ஷார்ப், இரண்டரை இ ஃப்ளாட்.

மாடி என்பதால் இன்னொன்று. சாயங்காலம் பனி இறங்கினால் தோல் தளர்ந்து சுருதி இறங்கும். ஏழு மணிக்குச் சேர்த்தது எட்டு மணிக்கு நிற்காது. தொப்பிப் பக்கம், அதாவது மிருதங்கத்தின் இடப்பக்கம், பூசிய ரவை காய்ந்தால் கும்கி (அங்கே வளைந்து வரும் தாழ்ந்த நாதம்) போய்விடும். உருப்படிக்கு உருப்படி இரண்டு நிமிடம் விடுங்கள். கிதார் அந்த நேரத்தில் புது ரிஃப் வாசித்துக் காட்ட வேண்டாம், புண்ணியமாகப் போகும்.

கார்வை — பிப்ரவரி 8, காலை 6.50
தொப்பி சொன்னதோடு ஒன்று. கடம் ஒத்துக்கொண்டால் இரண்டு கட்டை, அதாவது டி, இந்தக் கூட்டத்துக்கு வசதி. கிதாரை தாழ்ந்த தந்தியிலிருந்து டி-ஏ-டி-ஜி-ஏ-டி என்று மாற்றினால் ச-ப-ச-ம-ப-ச. மீட்டினாலே தம்புரா மாதிரி ஒலிக்கும். கிதார்காரர்கள் இதை டாட்காட் என்பார்கள். பேஸ் நான்கு தந்தியானால் அடித் தந்தியை இ-யிலிருந்து டி-க்கு இறக்கிக்கொள்ளலாம். வயலினுக்கும் சிரமமில்லை.

கடம் சரியாக டி-யில் இல்லாமல் நூலிழை ஏறியோ இறங்கியோ இருந்தால், தம்புராச் செயலியில் சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு) கணக்கில் நகர்த்திக் கடத்தோடு சேர்த்துவிட்டு, மற்றவர்கள் தம்புராவோடு சேருங்கள். கீபோர்டிலும் மாஸ்டர் ட்யூனிங் இருக்கும். ஏ-க்கு 440 ஹெர்ட்ஸ் என்ற பொது அளவைக் கட்டிப்பிடித்து அழ வேண்டாம்.

கார்வை — பிப்ரவரி 8, மாலை 5.15
இப்போது பேஸ். இந்தக் கூட்டத்தில் ராகத்தைக் காப்பாற்றுவதும் கவிழ்ப்பதும் அவர்தான்.

ஹிந்தோளத்தை எடுங்கள். ச க₂ ம₁ த₁ நி₂. டி சுருதியில் டி, எஃப், ஜி, பி ஃப்ளாட், சி. கிதார்காரர் இதைப் பார்த்தவுடன் "அட, ஜி மைனர் பென்டடானிக்" என்பார். ஸ்வரம் ஐந்தும் அதேதான், தப்பில்லை. ஆனால் அவர் விரல் ஓய்வெடுக்கத் தேடுவது ஜி. இரண்டு ஆவர்த்தனத்தில் (தாளச் சுற்றில்) பேஸும் ஜி-யில் இறங்கிவிடும். அந்த நொடியில் ஹிந்தோளத்தின் மத்தியமம் சட்ஜமாகி, எல்லோரும் சுத்த தன்யாசியில் நிற்கிறார்கள். வயலின் மட்டும் பழைய வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருக்கும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. ஹிந்தோளத்தில் பஞ்சமம் இல்லாததால் தம்புராவில் பஞ்சமத்துக்குப் பதில் மத்தியமம் வைப்போம். டி-ஜி. அந்த இடைவெளியில் மேலே இருக்கும் ஜி-தான் ஆதாரம் என்று காது ஏமாறும். தம்புராவே கிதாருக்குச் சாட்சி சொல்கிறது! அதனால் ஹிந்தோளத்துக்கு பேஸ் கீழ் ஸ்தாயி டி-யை விடவே கூடாது. சந்தேகமாக இருந்தால் தம்புராவில் சட்ஜம் மட்டும் ஓட விடுங்கள்.

தெரிந்தே செய்தால் அதற்குப் பெயர் கிரகபேதம். மோகனத்தில் ரிஷபத்தைச் சட்ஜமாக்கினால் மத்தியமாவதி, காந்தாரத்தை ஆக்கினால் ஹிந்தோளம், பஞ்சமத்தை ஆக்கினால் சுத்த சாவேரி, தைவதத்தை ஆக்கினால் சுத்த தன்யாசி. பேஸ் ஒருவரே வயலினை நகர விடாமல் இந்த ஐந்து வீட்டையும் சுற்றிக் காட்டலாம். ஒரு வீட்டுக்கு நான்கு ஆவர்த்தனம், தம்புரா நிறுத்தம். ஜாஸ் ஆட்களும் கர்நாடக ஆட்களும் ஒரே நேரத்தில் சிரிக்கிற இடம் இது.

பிரஷ் — பிப்ரவரி 9, இரவு 10.40
ட்ரம்ஸ் பற்றி ஒரு வரிகூட இல்லையே. ஆதி தாளம் என்றால் இரண்டு பார் ஃபோர்-ஃபோர் (பாருக்கு நான்கு எண்ணிக்கை). அவ்வளவுதானே?

தொப்பி — பிப்ரவரி 9, இரவு 11.02
எட்டு எண்ணிக்கை, சரி. ஆனால் பாட்டு சமத்தில் எடுக்க வேண்டுமென்று கட்டாயமில்லை. எடுப்பு அரை எண்ணிக்கை தள்ளி இருந்தால், பாட்டு தொடங்கும் இடத்தை நீங்கள் "ஒன்று" என்று எடுத்துக்கொண்டு கிராஷ் சிம்பலை அடிப்பீர்கள். அங்கிருந்து உங்கள் ஸ்னேர் எல்லாம் அரை இடம் தள்ளி. எங்களுக்குப் பல் கூசும்.

கார்வை — பிப்ரவரி 10, காலை 7.10
அதனால்தான் எண்ணிக்கை பிடிக்க ஒருவர் வேண்டும். வாசிக்காத ஒருவர், அல்லது அந்த உருப்படியில் வேலை குறைந்த ஒருவர். கையை மடியில் மறைத்து அல்ல, ட்ரம்ஸ்காரர் கண்ணில் படுகிற மாதிரி தாளம் போட வேண்டும். பிரஷ், நீங்கள் பாட்டைக் கேட்காதீர்கள், அந்தக் கையைப் பாருங்கள். ஹை-ஹாட் மிதியை ஆதியின் மூன்று தட்டுகளில், அதாவது 1, 5, 7-ல் மூடினால் எல்லோருக்கும் ஆவர்த்தனம் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும். கிராஷைக் கோர்வை (கணக்குப் போட்டு வந்து முடியும் சொற்கட்டு) முடிவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த இடறல் நடை மாற்றம். மிருதங்கம் சதுஸ்ரத்திலிருந்து திஸ்ரத்துக்குப் போகும்போது எண்ணிக்கையின் வேகம் மாறாது. ஒரு எண்ணிக்கைக்குள் நான்குக்குப் பதில் மூன்று விழும். சொற்கள் இடைவெளி விட்டு விழுவதால் "வேகம் குறைகிறது" என்று ட்ரம்ஸ் தவறாக எடுத்துக்கொண்டு இழுத்துவிடும். திரும்ப சதுஸ்ரம் வரும்போது ஓடும். அப்போதும் கையைத்தான் பார்க்க வேண்டும்.

சத்தம்: மாடியில் மைக் இல்லாமல் வாசித்தால் ட்ரம்ஸுக்குக் குச்சி வேண்டாம். பிரஷ், அல்லது மெல்லிய குச்சிகளைக் கட்டிய ராட்ஸ். கிக் ட்ரம்மும் பேஸும் மிருதங்கத்தின் தொப்பியும் ஒரே தாழ்ந்த இடத்தில் குடியிருப்பவை. மூன்றும் ஒன்றாக விழுந்தால் தொப்பி காணாமல் போகும். மிருதங்கம் பேசும்போது கிக்கிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். கஹோன் (மேலே உட்கார்ந்து தட்டும் மரப்பெட்டி) இருந்தால் இன்னும் நல்லது.

ஆறாம் தந்தி — பிப்ரவரி 10, இரவு 9.25
கோர்வை முடிகிற இடத்தை நாங்கள் எப்படிப் பிடிப்பது? அவர்கள் மட்டும் சேர்ந்து முடிக்கிறார்கள், நாங்கள் தெருவில் நிற்கிறோம்.

கார்வை — பிப்ரவரி 10, இரவு 10.50
முதல் பாடம் சின்னதாக. அரை ஆவர்த்தனம் ஆதி, நான்கு எண்ணிக்கை, எண்ணிக்கைக்கு நான்கு மாத்திரை, மொத்தம் 16:

தகதிமி — — தகதிமி — — தகதிமி | தா

4+2+4+2+4 = 16. அடுத்த "தா" தட்டில் விழும். இதையே மிஸ்ர சாப்பில் (7 எண்ணிக்கை, இரண்டிரண்டு மாத்திரையாக 14) வாசிக்க இடைவெளியை ஒன்றாகக் குறைத்தால் போதும்: 4+1+4+1+4 = 14. சொல் அதே, கார்வை என்கிற இடைவெளிதான் மாறுகிறது. கிதார்காரர் விரலுக்கு வேலையே இல்லை, நிறுத்துவதில்தான் வேலை.

அடுத்தது முழு ஆவர்த்தனம், 32 மாத்திரை. ததிங்கிணதொம் இரண்டு தடவை சொன்னால் 10. பிறகு ஒரு மாத்திரை விட்டு மறுபடி 10, ஒன்று விட்டு மறுபடி 10.

இடதுகை — பிப்ரவரி 10, இரவு 11.15
பத்தும் ஒன்றும் பதினொன்று. மூன்று தடவை 33. ஒரு மாத்திரை உதைக்கிறதே சார்.

தொப்பி — பிப்ரவரி 10, இரவு 11.21
மூன்றாவது பத்துக்கு அப்புறம் கார்வை ஏது? அங்கே சமம் உட்கார்ந்திருக்கிறது. 10+1+10+1+10 = 32. வேலிக்கம்பு கணக்கு.

கார்வை — பிப்ரவரி 11, காலை 8.00
வாசிப்பதற்கு முன் இரண்டு தடவை வாயால் எல்லோரும் சொல்லுங்கள். ஏழு பேரும். வாயில் வராதது கையில் வராது. எல்லா மாத்திரையையும் எல்லோரும் வாசிக்க வேண்டியதும் இல்லை. பேஸ் ஒவ்வொரு சொற்கட்டின் முதல் எழுத்தை மட்டும் பிடித்தால் அதுவே கனமாக விழும்.

பிரஷ் — பிப்ரவரி 12, இரவு 9.50
ப்ளூஸ் ஒன்று வாசிக்கலாம் என்று பேஸ் நச்சரிக்கிறார். மிருதங்கத்துக்கு 12 பார் எப்படி விளக்குவது?

கார்வை — பிப்ரவரி 12, இரவு 11.30
விளக்கவே வேண்டாம். 12 பார் என்பது 48 எண்ணிக்கை, அதாவது ஆதி ஆறு ஆவர்த்தனம். முதல் இரண்டு ஆவர்த்தனம் சட்ஜ கார்டு (சட்ஜத்தின் மேல் கட்டியது). மூன்றாவது மத்தியமம். நான்காவது சட்ஜம். ஐந்தாவதில் முன்பாதி பஞ்சமம், பின்பாதி மத்தியமம். ஆறாவதில் முன்பாதி சட்ஜம், பின்பாதி பஞ்சமம், திரும்ப முதலுக்கு. கார்டு மாறுகிற இடம் எல்லாமே சமத்திலோ ஐந்தாவது எண்ணிக்கையிலோ வந்து விழுகிறது. யாரோ நமக்காகவே செய்த மாதிரி.

ஷஃபிள் என்றால் திஸ்ர நடை. மூன்றில் நடு மாத்திரையை விட்டு ஒன்றும் மூன்றும் விழுந்தால் அதுதான். வயலினுக்கு சுத்த தன்யாசி. பஞ்சம கார்டு வரும் இடத்தில் மட்டும் கைசிகி நிஷாதத்தை (தாழ்ந்த நி) நீட்ட வேண்டாம். கீபோர்டு அங்கே காகலியை (உயர்ந்த நி) வைத்திருப்பார். தொட்டுவிட்டு ஓடினால் ப்ளூஸ், நின்றால் சண்டை.

கார்டு நகர்வதால் இதற்குத் தம்புரா கிடையாது.

இடதுகை — பிப்ரவரி 13, காலை 10.05
முழுக்க நிறுத்த வேண்டாமே. பஞ்சமத்தை எடுத்துவிட்டு சட்ஜம் மட்டும் ஓடட்டும். மத்தியம கார்டுக்குச் சட்ஜம் அதன் ஐந்தாவது ஸ்வரம்தான். உறுத்துவது பஞ்சம கார்டில் மட்டும், அதுவும் 48-ல் எட்டு எண்ணிக்கை.

கார்வை — பிப்ரவரி 13, மதியம் 2.40
ஏற்றுக்கொள்கிறேன், ப்ளூஸுக்குச் சட்ஜத் தம்புரா நிற்கும். அந்த எட்டு எண்ணிக்கை உறுத்தலும் ஆறாவது ஆவர்த்தனத்தில் ஒரு இழுவை கொடுக்கும். ஆனால் வேறு சுருதிக்கே தாவுகிற ஜாஸ் பாட்டுக்கு இதை நீட்டாதீர்கள்.

கீரவாணியும் இப்படி நடுவில் நிற்கிற ஆள். டி சுருதியில் டி மைனர், ஜி மைனர், ஏ7 மூன்றும் ராகத்துக்குள்ளேயே அடங்கும், ஏ7-ன் நான்கு ஸ்வரமும் சேர்த்து. முதல் நாள் கூடுகிற கூட்டத்துக்குக் கீரவாணியைவிட எளிதான ராகம் சொல்ல வராது. ஃப்ளமெங்கோ (ஸ்பெயின் நாட்டு இசை) கிதார் வந்தால் அவர் ஏ-யில் உட்கார்ந்துகொள்வார். கீரவாணியின் பஞ்சமத்தைச் சட்ஜமாக்கினால் வகுளாபரணம், அவருக்கு அது தாய்மொழி மாதிரி. அவருடைய 12 எண்ணிக்கைச் சுற்றில் அழுத்தம் 12, 3, 6, 8, 10-ல் விழும். 12-லிருந்து சொல்லிப் பாருங்கள்: தகிட தகிட தக தக தக. மிருதங்கம் காபி ஆறுவதற்குள் பிடித்துவிடும்.

ஆறாம் தந்தி — பிப்ரவரி 14, இரவு 8.10
மீன் மார்க்கெட்டுக்கு மருந்து சொல்லவில்லையே.

கார்வை — பிப்ரவரி 14, இரவு 10.00
ஏழு பேரில் எந்த நேரத்திலும் மூன்று பேர், அதிகம் போனால் நான்கு பேர். மற்றவர்கள் கையை எடுத்துவிட்டுக் கேட்க வேண்டும். கிதாரும் கீபோர்டும் சேர்ந்து கார்டு வாசிக்கவே கூடாது. ஒருவர் வாசித்தால் இன்னொருவர் மௌனம், இல்லையென்றால் ஒற்றை ஸ்வரம்.

முறை வைத்துப் பரிமாறிக்கொள்வதில் இரண்டு பக்கமும் ஏற்கெனவே ஒரே பழக்கம்தான். தனி ஆவர்த்தனத்தில் (தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் பகுதியில்) குறைப்பு: எட்டு ஆவர்த்தனம், நான்கு, இரண்டு, ஒன்று, அரை என்று மாற்றி மாற்றிக் குறுகும். ஜாஸில் நான்கு பார் ஆளுக்கு ஆள் கைமாற்றுவார்கள், அது ஆதி இரண்டு ஆவர்த்தனம். அவர்கள் பெரும்பாலும் நான்கிலேயே சுற்றுவார்கள், நாம் குறைத்துக்கொண்டே போவோம். ட்ரம்ஸுக்கும் மிருதங்கத்துக்கும் இதைச் சொல்லிவிட்டால் போதும், ஒரு மணி நேரம் கவலையில்லை. நிறுத்துவதுதான் கஷ்டம்.

சைகை: உச்சந்தலையைத் தட்டினால் மெட்டுக்குத் திரும்பு. மூடிய முஷ்டி, இந்தச் சுற்றோடு முடி. நான்கு விரல், நான்கு பார் பரிமாற்றம். மூன்றும் ஜாஸ் மேடையில் புழங்குபவை. அமெரிக்க ஜாஸ் கலைஞர் புட்ச் மாரிஸ் 1985 முதல் இந்தக் கைஜாடையையே ஒரு பெரிய முறையாக வளர்த்து, முழு வாத்தியக் குழுவையும் அதில் நடத்தினார். நமக்கு மூன்று போதும். வயலின்காரர்களுக்கு முன்னாடியே காட்டிவிடுங்கள். கண்ஜாடைக்குப் பழகியவர்கள், தலையைத் தட்டினால் தலைவலி என்று நினைப்பார்கள்.

பிரஷ் — பிப்ரவரி 15, காலை 9.00
கிதாரில் கமகம் வராது என்று வயலின் சொல்வது நிஜமா?

கார்வை — பிப்ரவரி 15, காலை 11.45
வரும், வழி உண்டு. தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தால் மேலேதான் போகும். அதனால் கீழ் ஸ்வரத்தின் ஃப்ரெட்டில் (கிதார் கழுத்தின் குறுக்குக் கம்பி) விரல் வைத்து இழுத்து ஏற்றி, அங்கிருந்து இறங்க வேண்டும். கனத்த தந்தியில் விரல் நோகும், 10 கேஜ் (தந்தியின் தடிமன்) அல்லது அதற்கு மெல்லியது போடுங்கள். 1970-களில் சக்தி என்ற இந்திய-ஜாஸ் குழுவுக்காக கிதார்காரர் ஜான் மெக்லாலின் ஃப்ரெட்களுக்கு நடுவே மரத்தைக் குழிவாகச் சீவிய கிதாரை வைத்துக்கொண்டதும் இதற்காகத்தான். விரலுக்கு அடியில் மரம் தடுக்காது, தந்தியைப் பிடித்து இழுக்கலாம். நீங்கள் கிதாரைச் சீவ வேண்டாம். ஃப்ரெட் இல்லாத பேஸ் கிடைத்தால் அவருக்கு இன்னும் சுலபம்.

ஆறாம் தந்தி — பிப்ரவரி 16, இரவு 9.35
அடுத்த முறை ஒரு ஆல்ட்டோ சாக்ஸ் வருகிறார். டி சுருதியா அப்படியே?

கார்வை — பிப்ரவரி 16, இரவு 10.20
பாவம், ஆல்ட்டோவுக்குத் தாளில் எழுதுவது ஒன்று, ஒலிப்பது வேறு. டி என்றால் அவர் தாளில் பி மேஜர், ஐந்து ஷார்ப். வாசிப்பார், ஆனால் திட்டுவார். இரண்டரைக் கட்டை, இ ஃப்ளாட், கொடுத்தால் அவருக்கு அது சி. டெனர் சாக்ஸ் ஆனால் எஃப். கிதார் முதல் ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாத் தந்தியையும் அழுத்தும் பிடிப்பான்) போட்டுக்கொள்ளட்டும், டாட்காட் அப்படியே நிற்கும். வயலின் அரைக் கட்டை ஏற்றலாம். பேஸ் தந்தியை மாற்றாமல் விரலை ஒரு ஃப்ரெட் நகர்த்தினால் போதும்.

ஆல்ட்டோவில் கமகம் முழுசாக வரும் என்பதை கர்நாடக சாக்ஸபோன் வித்வான் கத்ரி கோபால்நாத் நிரூபித்துவிட்டார். அவரும் ஜாஸ் ஆல்ட்டோக்காரர் ருத்ரேஷ் மகந்தப்பாவும் சேர்ந்து வாசித்த 2008-ம் ஆண்டு ஒலிப்பதிவைத் தேடிக் கேட்கச் சொல்லுங்கள். ஒரே வாத்தியம், இரண்டு உச்சரிப்பு.

தொப்பி — பிப்ரவரி 16, இரவு 10.31
எல்லாம் சரி, இரண்டரைக் கட்டைக்குக் கடம்?

கார்வை — பிப்ரவரி 16, இரவு 10.33
இன்னொரு கடம் எடுத்து வரச் சொல்லுங்கள். ஆட்டோவில் மடியில் வைத்து.

தொப்பி — பிப்ரவரி 16, இரவு 10.40
மானாமதுரைக் கடம், கனம் அதிகம். மடி போய்விடும்.